கான்சலேட்டில் மட்டும் சித்தி

பவளம் தன் வாழ்நாளில் மொத்தம் ஏழு நிமிஷம் ஐயர் வீட்டுச் சித்தியாக இருந்தாள். 1998 ஆகஸ்டில், சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்க கான்சலேட்டில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். இந்தப் பக்கம் பட்டுப்புடவையில் நின்ற நாகலக்ஷ்மி, "மை ஆன்ட்டி. அம்மாவோட தங்கை. சித்தி" என்று கூசாமல் சொன்னாள். நிஜச் சித்தி ஒருத்தி கும்பகோணத்தில் இருக்கிறாள்; அவளைப் பற்றிப் பேசும்போதுகூட நாகலக்ஷ்மியின் குரலில் அவ்வளவு பாசம் வந்ததில்லை. வெள்ளைக்காரர் நம்பிவிட்டார். ஊர் சுற்றிப் பார்க்க விசா கிடைத்தது. வாசலைத் தாண்டியதுமே நாகலக்ஷ்மி தோளிலிருந்த பையைக் கழற்றி நீட்டி, "இதைத் தூக்கிண்டு பின்னாடி வா" என்றாள். சித்தி உறவு அதோடு முடிந்தது.

இந்தப் பவளம் யார் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் மடத்துக்குளம், உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். வயசு நாற்பத்தாறு. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். கலாவதி என்று ஒரே மகள். பத்து வயசிலிருந்து முப்பது வயசுவரை கூலிக்குப் பருத்தி எடுத்தாள். அதற்கப்புறம் உடுமலைப்பேட்டையில் நாகலக்ஷ்மியின் மாமனார் வீட்டில் பாத்திரம், துணி, வாசல். லேசில் கோபம் வராது. ஆனால் ஒன்றை மனசில் முடிந்துகொண்டால் பிரம்மாவே வந்தாலும் அவிழ்க்க முடியாது. இதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவளை யார் அப்படி உட்கார்ந்து பார்த்தார்கள்?

நாகலக்ஷ்மிக்கும் அவள் புருஷன் சுந்தரராமனுக்கும் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வீடு. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. மூத்தவள் ரக்ஷாவுக்கு அப்போது எட்டு வயசு. இளையவன் ஸ்ரீநிவாஸ் கைக்குழந்தை. டே கேரில் போட்டால் குழந்தைக்கு ஜலதோஷம் பிடிக்கும், வெள்ளைக்காரி தயிர்சாதம் பிசைய மாட்டாள், ஆகவே ஊரிலிருந்து ஒரு சித்தி தேவைப்பட்டாள். "ஆறே மாசம் பவளம். குழந்தை உக்கார ஆரம்பிச்சுட்டா உன்னை ஃபிளைட் ஏத்திடறேன்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள். குழந்தை உட்கார்ந்தது, நின்றது, ஓடியது, பவளத்தின் முடியைப் பிடித்து இழுத்துப் பாட்டுப் பாடச் சொல்லியது. ஃபிளைட்டைத்தான் காணோம்.

பாஸ்போர்ட்டை வந்து இறங்கிய அன்றே நாகலக்ஷ்மி வாங்கிக்கொண்டாள். "உனக்கு எங்க வைக்கறதுன்னு தெரியாது. நான் பத்திரமா வெச்சுக்கறேன்." பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குப் பின்னால், சின்னப் பூட்டுப் போட்ட ஒரு தகர டப்பாவில் அது பத்திரமாகப் போய் உட்கார்ந்தது. வீடு முழுக்க ஒட்டடை அடித்துத் துடைப்பவள் பவளம்தான். பூஜை அலமாரியை மட்டும் அவள் தொடக்கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியம்மா சாமியையே காவலுக்கு வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் நாகலக்ஷ்மி சொல்வது ஒரே வாக்கியம்: "பவளமா? நம்மாத்து மனுஷி மாதிரி!" அந்த 'மாதிரி'யில்தான் சூட்சுமம் எல்லாம். ஆத்து மனுஷி மாதிரிக்குத் தனி டம்ளர் உண்டு. அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு, மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க. படுக்கை, துணி துவைக்கிற மெஷினும் உலர்த்துகிற மெஷினும் இருக்கும் அறையில். குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும் என்று அதையும் சலுகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ரக்ஷாவுக்கு உலகத்தில் பெரியவர்கள் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. தபால் கொண்டுவரும் மெக்ஸிகோக்காரிகூட ஆன்ட்டி. பவளம் மட்டும் வெறும் பவளம்.

தொண்ணூற்றொன்பது வைகாசியில் கலாவதிக்குக் கல்யாணம் நடந்தது. பெற்றவள் போகவில்லை. "இப்ப வெளில போனா திரும்பி வர விட மாட்டா" என்றார் சுந்தரராமன். திரும்பி வர யார் கேட்டார்கள் என்று பவளம் மனசுக்குள் கேட்டாள். ஊரிலிருந்து கல்யாண வீடியோ கேசட் வந்தது. டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டால் ஒரே கோடு கோடாக ஓடியது. நாதஸ்வரம் கழுதை கனைக்கிற மாதிரி கேட்டது. "இந்தியா கேசட் இங்க ஓடாது பவளம். கன்வர்ட் பண்ணணும். பண்ணித் தரேன்" என்றார். கேசட் டிவிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. பத்து மாசமாக அதன் மேல் படியும் தூசியை அவள்தான் துடைத்தாள். மகள் கழுத்தில் தாலி ஏறினதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

கலாவதி முழுகாமல் இருக்கிற சேதி, நாகலக்ஷ்மியின் உடுமலைப்பேட்டை மாமியார் மூலம் ஐப்பசியிலேயே ஃப்ரீமான்ட்டுக்கு வந்துவிட்டது. பவளத்துக்குச் சொன்னது தை பிறந்த பிறகு. நடுவில் தீபாவளிப் பார்ட்டி, திருப்பாவை, நியூ இயர் என்று வரிசையாக வேலை இருந்ததே! "முன்னாடியே சொன்னா நீ மனசு ஒடைஞ்சு போவியோன்னுதான்" என்றாள் நாகலக்ஷ்மி. மாசத்துக்கு ஒருமுறை போன் கார்டில் ஐந்து நிமிஷம் பேசக் கொடுப்பார்கள். அந்த மாசம் கலாவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தலைப்பிரசவம்மா. பங்குனிக் கடைசீங்கறாங்க. நீ வந்துருவியல்ல?"

"வந்துருவேன் சாமி" என்றாள் பவளம்.

அன்றைக்கு முடிந்தாள் மனசில் முடிச்சை. மறுநாள் காலை ஸ்ரீநிவாஸுக்கு இட்லி ஊட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் நின்றாள். "அம்மா, என்ர பாஸ்போட்டு வேணுமுங்க. நான் ஊருக்குப் போகோணும்."

"போலாம் போலாம். டப்பா சாவி எங்கேயோ விழுந்துடுத்து. தேடிண்டிருக்கேன்."

சாவி தேடும் படலம் இரண்டு வாரம் நடந்தது. நாகலக்ஷ்மி உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடினாள்.

இந்தச் சமயத்தில்தான், பிப்ரவரி மாசம், ஐந்தாம் வகுப்பு ரக்ஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் வந்தது. அமெரிக்காவின் தெற்கில் பருத்திப் பண்ணைகளில் அடிமைகள் வேலை செய்த கதை, அதை ஒழிக்கப் போராடியவர்கள் கதை. ஒரு அட்டைப் பெட்டிக்குள் பண்ணையை மாதிரியாகச் செய்து காட்டவேண்டும், கூடவே எழுதியும் வைக்கவேண்டும். ஹாலில் செய்தால் கார்ப்பெட்டில் பசை ஒட்டும் என்று குழந்தையை மெஷின் அறைக்கு விரட்டினாள் நாகலக்ஷ்மி. அப்படித்தான் அமெரிக்க அடிமைகளின் சரித்திரம் பவளத்தின் படுக்கைக்கு வந்து சேர்ந்தது.

ரக்ஷா மருந்துக்கடைப் பஞ்சை உருட்டிக் குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பவளத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"ஏங்கண்ணு, இது பருத்தியா, காதுல வெக்கிற பஞ்சா?"

"காட்டன் பவளம். ஸ்லேவ்ஸ் இத பிக் பண்ணுவாங்க."

"பருத்தி நாலு சொளையா வெடிக்கோணும் கண்ணு. கீழ காஞ்ச தொப்பி இருக்கும், முள்ளு முள்ளா. எடுக்கறப்ப நகக்கண்ணுல குத்தும், ரத்தம் வரும். அத அப்படியே சேலையில தொடச்சுக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிருவோம்."

அவள் மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பையைக் கிழித்து, முறுக்கி, மடக்கி, நிஜமான காய்த்தொப்பி செய்தாள். பஞ்சை நாலு சுளையாகப் பிரித்து அதில் உட்காரவைத்தாள். பழைய துடைப்பத்துக் குச்சிகள் பருத்திமாராக, காய்ந்த செடித் தண்டாக நின்றன. மூன்று நாளில் அந்தப் பெட்டிக்குள் பருத்திக்காடு விளைந்துவிட்டது. ரக்ஷா வாயைப் பிளந்து பார்த்தாள். "விரல் பிளீட் ஆகும்" என்று தாளில் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதியதைப் பவளம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். குழந்தையின் தமிழ் நொண்டும்; பவளத்தின் இங்கிலீஷ் தவழும்; இருந்தாலும் சேதி வந்து சேர்ந்தது. பண்ணைக்காரர்கள் எல்லாரும் "இவங்க எங்க ஃபேமிலி மாதிரி" என்றுதான் சொல்வார்களாம். விடுதலை என்று சட்டம் போட்ட பிறகும் டெக்சாஸில் இருந்தவர்களுக்கு அந்தச் சேதி போய்ச்சேர இரண்டரை வருஷம் ஆயிற்றாம்.

"ஏங்கண்ணு, யாரு சொல்லாம வெச்சிருந்தாங்க?"

"மாஸ்டர்ஸ். சொன்னா வொர்க் நின்னுடும்ல?"

பவளம் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஓடிப்போலாமல்ல?"

"பாஸ் வேணும் பவளம். பாஸ் இல்லாம பண்ணைய விட்டு வெளில போனா பிடிச்சுடுவாங்க."

"அந்தப் பாஸு யாருகிட்ட இருக்கும்?"

"மாஸ்டர்கிட்டதான். அவர் எழுதிக் குடுத்தாத்தான் போலாம்."

பவளத்தின் கை நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பூஜை அலமாரி.

ரக்ஷா மாதிரிக்குப் பாஸ் ஒன்றும் செய்தாள். பழைய காகிதம் போலத் தெரிய டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். டிக்காஷன் போட்டுக்கொடுத்தது பவளம். யாராவது ஒரு அடிமையின் பேர் எழுதவேண்டும். குழந்தைக்கு எதிரில் இருந்த பேர் ஒன்றுதான். "எங்கள் பவளம் இதைக் கொண்டு வருகிறாள். அவளைப் போகவும் வரவும் அனுமதிக்கவும். இப்படிக்கு, எஸ். சுந்தரராமன், மாஸ்டர்" என்று வளைத்து வளைத்து இங்கிலீஷில் எழுதினாள். காட்சிக்கு வைக்கிற ஒவ்வொன்றின் பின்னாலும் பேர், வகுப்பறை, வீட்டு போன் நம்பர் எழுதச் சொல்லியிருந்தாள் டீச்சர். அதையும் எழுதினாள். சொன்னதைச் செய்கிற நல்ல பிள்ளை.

கடைசியாக வந்தது ரயில்.

"அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு, பவளம். ஸ்லேவ்ஸ் எல்லாம் அதுல நார்த் பக்கம் எஸ்கேப் பண்ணுவாங்க. கண்டக்டர் ஹெல்ப் பண்ணுவாங்க. ஒரு கண்டக்டர் லேடி, பிளாக் லேடி, ஸோ பிரேவ்! யாரையும் பிடிபட விட்டதே இல்ல. நார்த் போனா எல்லாரும் ஃப்ரீ!"

"ஃப்ரீயாவா? டிக்கெட்டே இல்லியா?"

"ஃப்ரீ, பவளம். அதான் பாயிண்ட்டே!"

அது நிஜ ரயில் இல்லை, ஒளித்துவைத்து அனுப்பிய மனுஷர்களுக்குச் சூட்டிய பேர் என்று ரக்ஷா எழுதித்தான் வைத்திருந்தாள். அந்த வரியை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். தண்டவாளம் உள்ள ஊரில் ரயில் என்றால் ரயில் என்றுதானே நினைப்பார்கள்? மௌரி அவென்யூவில் இந்திய மளிகைக்கடைக்குப் போகும்போதெல்லாம் பார்ட் என்கிற அந்த ஊர் மின்சார ரயில் போவதைப் பவளம் பார்த்திருக்கிறாள். ஃப்ரீமான்ட்தான் அதற்குக் கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து கிளம்புகிற எல்லா ரயிலும் வடக்கேதான் போகும். சான் ஃபிரான்சிஸ்கோ போகையில் அது கடலுக்கு அடியில் புகுந்து போகும் என்று ரக்ஷாவே முன்பு சொல்லியிருக்கிறாள். வடக்கு, பூமிக்கு அடியில், ஃப்ரீ. ஊரைவிட்டு வந்த பிறகு இவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் அவளுக்கு விளங்கியதே இல்லை.

ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. பருத்திக்காட்டைப் பார்த்து டீச்சர் கண்கலங்கினாளாம். நாகலக்ஷ்மிக்குப் பூமியில் கால் பாவவில்லை. மார்ச் முதல் சனிக்கிழமை மத்தியானம் நாற்பது பேரை விருந்துக்கு அழைத்தாள். அடிமை ஒழிப்பு விழாவுக்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து அரைத்தவள் யார் என்று சொல்லவேண்டுமா?

சாம்பார், அவியல், இருநூறு வடை, பால் பாயசம். ஹால் நடுவில், டிவிக்குப் பக்கத்தில், அந்தக் கல்யாண கேசட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, ப்ராஜெக்ட் பெட்டியை வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்து "வாவ்" என்றார்கள். கஸ்தூரிரங்கன் என்று ஒரு அங்கிள், சுந்தரராமனின் சிநேகிதர், எந்த வீட்டுக்குப் போனாலும் அது தன் வீடு என்று நினைக்கிறவர், எல்லாருக்கும் முன்னால் நாகலக்ஷ்மியைப் பேசச் சொன்னார். அவளும் பேசினாள்.

"எழுதறச்சே இந்தக் குழந்தை அழுதுடுத்து. ஒரு மனுஷாளை இன்னொரு மனுஷா சொந்தம்னு வெச்சுக்கறதாவது! நெனச்சாலே வயத்தைப் பெரட்டறது. நம்ம கல்ச்சர்ல அந்த மாதிரி எல்லாம் கிடையவே கிடையாது." சொல்லிவிட்டுத் திரும்பினாள். "பவளம், அங்க சட்னி தீர்ந்து போச்சு பாரு!"

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். பவளம் சட்னி கொண்டுவந்து வைத்தாள். பெட்டியின் மூலையில் குண்டூசியில் குத்தியிருந்த பாஸைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதில் தன் பேர் எங்கே இருக்கிறது என்று ரக்ஷா காட்டியிருக்கிறாள். குண்டூசியைப் பிடுங்கினாள். பாஸை மடித்து இடுப்பில் செருகினாள். கல்யாண கேசட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். ஸ்ரீநிவாஸ் அப்பா மடியில் பாயசம் தின்றுகொண்டிருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை அவள். அடுப்பை அணைத்தாள். பின்கதவு வழியாக, நாகலக்ஷ்மி கழித்துப்போட்ட கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, வெளியே நடந்தாள்.

ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ நடை. கதவுமாதிரி திறந்து மூடும் தடுப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்பினப் பெண்மணி. ஐம்பத்தைந்து வயசிருக்கும். பவளத்துக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. குழந்தை சொன்ன கண்டக்டரம்மா! இன்னும் வேலையில்தான் இருக்கிறாள்!

"நார்த்" என்றாள் பவளம் கண்ணாடியைத் தட்டி. "ஃப்ரீ."

கண்டக்டரம்மாவுக்கு இந்தப் பாட்டுப் பழக்கம். டிக்கெட் எடுக்காமல் போகப் பார்ப்பவர்கள் தினம் நாலு பேர் வருவார்கள். டிக்கெட் மெஷினைக் கைகாட்டினாள். பவளம் தலையை ஆட்டிவிட்டு இடுப்பிலிருந்து பாஸை எடுத்து நீட்டினாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் படித்தாள். முகத்தில் இருந்த சலிப்பு போய்விட்டது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என்னவோ கேட்டாள். பவளத்துக்குப் புரிந்தது 'மாஸ்டர்' என்ற ஒரே சொல். வேகமாகத் தலையாட்டினாள்.

"மாஸ்டர் ஹவுஸ். பாஸ்போட்டு, லாக்கு. மை டாட்டர், பேபி. ஐ கோ." பதினெட்டு மாசத்து இங்கிலீஷ் மொத்தமும் அதோடு தீர்ந்தது. போதுமானதாக இருந்தது.

கண்டக்டரம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அமெரிக்கா வந்ததிலிருந்து பவளத்தை ஒருத்தர் "உட்காரு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு பாஸைத் திருப்பி வைத்துக்கொண்டு போனில் நம்பரை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் நடந்ததை ரக்ஷா பின்னால் சொன்னாள். போனை எடுத்தது கஸ்தூரிரங்கன். வாயில் வடை, கையில் பாயசம். ஆகவே ஸ்பீக்கரில் போட்டார். ஹால் முழுக்க அந்த அம்மாளின் குரல் கேட்டது: பவளம் என்கிற பெண்மணிக்கு மாஸ்டர், சுந்தரராமன் என்று ஒருத்தர், அங்கே இருக்கிறாரா?

"யெஸ், யெஸ்!" என்றார் கஸ்தூரிரங்கன் பூரிப்பாக. "சுந்தர் மாஸ்டர்ஸ்தான்! ரிச்சர்ட்சன், டெக்சாஸ்! நானும் அங்கதான் மாஸ்டர்ஸ் படிச்சேன்!"

அப்படியா, டெக்சாஸா, என்று கேட்டுவிட்டு அந்தக் குரல் பாஸை வரிவரியாகப் படித்தது. போகவும் வரவும் அனுமதிக்கவும். இப்படிக்கு மாஸ்டர். நாற்பது பேரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் குண்டூசி ஓட்டை மட்டும் இருந்தது. நாகலக்ஷ்மி ஓடிவந்து போனைப் பிடுங்கி, "ஷி இஸ் லைக் அவர் ஃபேமிலி!" என்று கத்தினாள். பதற்றத்தில் ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள். ரொம்ப நல்லது என்றது குரல். குடும்பம் என்றால் அவங்க பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் வந்து கொடுங்கள், இல்லாவிட்டால் போலீஸ்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் தேடியும் கிடைக்காத சாவி இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. பெருமாள் மனசு வைத்தார்.

பன்னிரண்டாவது நிமிஷம் அவர்களுடைய கேம்ரி கார் வந்து நின்றது. சுந்தரராமன் பட்டு வேஷ்டியோடு இறங்கினார், பின்னால் நாகலக்ஷ்மி, அழுத முகத்தோடு ரக்ஷா. "மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், மேடம்" என்று சொல்லிக்கொண்டே அவர் பாஸ்போர்ட்டைக் கண்டக்டரம்மாவிடம் நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பவளத்தைக் கண்ணால் காட்டினாள். சுந்தரராமன் குனிந்து அவளிடம் கொடுத்தார். பவளம் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

கண்டக்டரம்மா பாஸைத் தட்டிக்காட்டி ரக்ஷாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். குழந்தை விசும்பிக்கொண்டே பவளத்துக்குச் சொன்னது. "அவங்க கொள்ளுப்பாட்டிக்கு இது மாதிரி ஒண்ணு இருந்துச்சாம். வீட்ல பைபிளுக்குள்ள வெச்சிருக்காங்களாம். ஆனா அது ரியல். இது நான் சும்மா பண்ணது, பவளம்."

"இதும் ரியலுதான் கண்ணு" என்றாள் பவளம், குழந்தையின் தலையைத் தடவி.

பவளம் பாஸ்போர்ட்டோடு அதே காரில் வீட்டுக்கு வந்தாள். அப்புறம் ஃபிளைட் டிக்கெட் எடுக்க எவ்வளவு நேரமாகும்? விருந்துக்கு வந்த நாற்பது பேர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அந்த வாரம் இதே பேச்சு. மானம் போகிற அவசரத்தில் பங்குனி பிறந்த அடுத்த வாரமே சீட்டுக் கிடைத்தது. அதுவரை நாகலக்ஷ்மி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று நாலு தடவை கேட்டாள். பவளம் சிவப்புப் பொட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சுந்தரராமன் சட்டம் பேசிப் பார்த்தார்.

"விசா முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல இருந்துட்ட பவளம். இப்பப் போனா பத்து வருஷத்துக்கு உன்னை இந்த நாட்டுக்குள்ள விட மாட்டா. யோசிச்சுக்கோ."

"பத்துத்தானுங்களா சாமி?" என்றாள் பவளம். "சேத்தி இருவதாப் போட்டுக்கச் சொல்லுங்க."

சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் ஸ்ரீநிவாஸ் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதான். அவளும் அழுதாள், அவன்மேல் அவளுக்கு என்ன கோபம்? கேசட் அவள் கைப்பையில் இருந்தது. மடத்துக்குளத்தில் அது ஓடும். ரக்ஷா கிட்டே வந்து, "பை, பவளம் ஆன்ட்டி" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த ஆன்ட்டி. நாகலக்ஷ்மி மூக்கைச் சிந்திக்கொண்டாள். என்ன இருந்தாலும் நாளையிலிருந்து பாத்திரத்தை அவள்தானே தேய்க்கவேண்டும்.

கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து, சீட்டைச் செருகி, திருப்பி நீட்டினாள். பழக்கதோஷம், நாகலக்ஷ்மியின் கை முந்திக்கொண்டு நீண்டது.

"கேட் வரைக்கும் நான் வரேனே. கொடு, பத்திரமா வெச்சிண்டிருக்கேன்."

பவளம் பாஸ்போர்ட்டை வாங்கி, ரவிக்கைக்குள் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வேண்டாமுங்கம்மா. உங்குளுது எங்க இருக்குதுன்னு மொதல்ல பாருங்க" என்றாள். "நல்லவங்க யாராச்சும் வந்து பத்திரமா வெச்சுக்கறேன்னு கேட்டா, குடுத்துறாதீங்க."